காற்றின் மேல் நிற்கும் கார்

தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்கு அந்தக் காலத்தில் வில்வண்டியில் போனவர்களைக் கேளுங்கள். எஃகு வில்லின் சுகத்தைச் சொல்வார்கள். சில கார்களிலோ வில்லுக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள்! 1957-லேயே அமெரிக்கக் காடிலாக் கார் ஒன்றில் வந்துவிட்ட ஏற்பாடு இது. இப்போது கம்ப்யூட்டரே உயரத்தைக் கவனித்துக் காற்றை ஏற்றி இறக்குகிறது.

அந்த உயரத்தை லாப்டாப்பை மாட்டி வீட்டிலேயே திருத்த உங்கள் பிள்ளை கிளம்பினால் தடுக்காதீர்கள். மூன்றே கேள்வி கேளுங்கள். தரை சமமா? டயர்களில் காற்று சரியா? சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்தாயிற்றா? அவன் தரும் மில்லிமீட்டர் கணக்கைத்தான் கம்ப்யூட்டர் நம்பும்.

ராத்திரி நிமிர்ந்து நின்ற கார் காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? அநேகமாகக் கோளாறு கணக்கில் இல்லை, காற்றுக் கசிவில். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஒன்று மட்டும் மறக்கவேண்டாம்: உறுதியாக முட்டுக் கொடுக்காமல் காருக்கடியில் கையை நீட்ட விடாதீர்கள். காற்று சொல்லிவிட்டா இறங்கும்?