துப்பாக்கி உரிம விண்ணப்பம்: முடிவு தெரிய எத்தனை நாளாகும்?

துப்பாக்கி உரிமம் என்பது, ஒரு துப்பாக்கியை வாங்கவும் வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் அரசு ஒருவருக்கு எழுத்து மூலம் தரும் அனுமதி ஆகும். இந்தியாவில் இது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படியும், அதன்கீழ் வகுக்கப்பட்ட 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படியும் வழங்கப்படுகிறது. இச்சட்டத்தைப் படைக்கலச் சட்டம் என்றும் தமிழில் குறிப்பிடுவர். விண்ணப்பத்தின் மீது காவல்துறை 30 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கை கிடைத்த 60 நாளுக்குள் உரிமம் வழங்கும் அதிகாரி முடிவெடுக்க வேண்டும். விதி சொல்லும் காலம் இவ்வளவே. கூட்டினால் 90 நாள். நடைமுறையில் இந்தக் கணக்கு ஏன் பெரும்பாலும் பொருந்தி வருவதில்லை என்பதைப் பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்க்கலாம்.

வேப்பந்தட்டையில் யாருக்குத் துப்பாக்கி தேவைப்படுகிறது?

துப்பாக்கி உரிமம் என்றதும் பெரும் செல்வரும் அரசியல் புள்ளிகளும்தான் நம் நினைவுக்கு வருவர். வேப்பந்தட்டை போன்ற வட்டத்தில் நிலைமை வேறு. இதன் மேற்கே பச்சைமலை. மலையடிவார ஊர்களில் மானாவாரியாகப் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்றன. பருத்தி ஆராய்ச்சி நிலையம் வேப்பந்தட்டையிலேயே உள்ளது. மக்காச்சோளச் சாகுபடியில் பெரம்பலூர் தமிழ்நாட்டின் முன்னணி மாவட்டங்களில் ஒன்று. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவு இறங்கினால் போதும், பாதி வயல் படுத்துவிடும். எனவே பயிர்க் காவலுக்காக ஒரு நாட்டுத் துப்பாக்கி வேண்டும் என்று உழவர் கேட்பது புதிதல்ல.

சட்டமும் இதை ஏற்கிறது. குழலின் வாய் வழியாக மருந்தையும் ரவையையும் இட்டுக் குத்தி நிரப்பும் துப்பாக்கியை, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் கேட்பவருக்குத் தருவது பற்றி ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவே தனியாகப் பேசுகிறது. அந்த வகைத் துப்பாக்கி போதாது என்று அதிகாரி கருதினால், உட்புறம் வழவழப்பான குழலுடைய வேறு துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு கூறுகிறது. குத்தகைக்கு உழுபவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இன்னொரு சாராரும் இவ்வட்டத்தில் உண்டு. எறையூரில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போன வாழ்க்கை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் முடிந்து, பாசிமணி விற்பனையும் பிற தொழில்களும் அவர்களுக்கு வாழ்வாதாரமாயின. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்ட முன்வரைவு 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. உரிம விசாரணையோ, 'விண்ணப்பதாரர் வசிக்கும் இடத்துக்கு அருகிலுள்ள காவல் நிலையம்' என்பதிலிருந்து தொடங்குகிறது. ஊர் ஊராகச் சுற்றி வணிகம் செய்பவருக்கு விசாரணை நாளில் வீட்டில் இல்லாமல் போவதே ஒரு தடை.

விண்ணப்பம் செல்லும் வழி

மாவட்டத்தில் உரிமம் வழங்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம், அவர் மாவட்ட நடுவர் என்ற நிலையில், உள்ளது. மாநகரக் காவல் ஆணையர் உள்ள நகரங்களில் அவரே உரிம அதிகாரி. தானியங்கித் துப்பாக்கி போன்ற தடைசெய்யப்பட்ட வகைகளுக்கு மட்டும் நடுவண் உள்துறை அமைச்சகத்தை அணுக வேண்டும். விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

படிவம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று, உடல் மற்றும் மனநலம் பற்றிய மருத்துவச் சான்று ஆகியவை வேண்டும். ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும் 2016 விதிகள் சேர்த்துள்ளன. பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் நில ஆவணமும் தேவைப்படும். விண்ணப்பம் ஆட்சியர் அலுவலகத்தில் பதிவானதும் ஒரு படி காவல்துறைக்குப் போகிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வழியாக, ஊருக்கேற்ப அரும்பாவூர் அல்லது வ.களத்தூர் போன்ற காவல் நிலையத்தை அது அடையும். விண்ணப்பதாரர் மீது வழக்கு உண்டா, ஊரில் பகை உண்டா, சொன்ன காரணம் மெய்யா என்று விசாரித்து எழுதுவர். இதே நேரத்தில் வருவாய்த்துறையின் கருத்தும் கேட்கப்படுவது வழக்கம்: கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர் என்று படிப்படியாக. காட்டை ஒட்டிய நிலம் என்றால் வனத்துறையிடமும் கேட்பதுண்டு.

90 நாள் எப்படி நீள்கிறது?

விதியிலுள்ள நாள்கணக்கு, காவல்துறை அறிக்கைக்கும் அதற்குப் பின் எடுக்கும் முடிவுக்கும் மட்டுமே. வருவாய்த்துறையில் கோப்பு மேசை மேசையாக ஏறி இறங்கும் காலத்துக்குத் தனிக் கெடு கிடையாது. குறையுள்ள விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டால், திருத்தி மீண்டும் கொடுக்கும் நாளிலிருந்துதான் கணக்கு புதிதாக ஓடும். ஆதாரில் ஒரு பெயர், பட்டாவில் இன்னொரு எழுத்துக்கூட்டு என்பது நம் ஊர்களில் சாதாரணம். பள்ளியில் பதிவேடு எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன்: தந்தை பெயரின் முதலெழுத்து மாறிப்போனதால் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே இதைச் சரிசெய்து கொள்வது பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

காவல்துறை அறிக்கை 30 நாளில் வரவில்லை என்றால் என்ன ஆகும்? அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. குறித்த காலத்துக்குள் அறிக்கை வராவிட்டால், தகுந்தது என்று கருதினால் உரிம அதிகாரி அதற்குக் காத்திராமல் ஆணை பிறப்பிக்கலாம். 'கருதினால்', 'பிறப்பிக்கலாம்' என்ற இரண்டு சொற்களையும் கவனிக்க வேண்டும். இது அதிகாரிக்குத் தரப்பட்ட அனுமதியே தவிர, அவர் மீது சுமத்தப்பட்ட கடமை அன்று. காவல்துறையின் எழுத்து கையில் இல்லாமல் ஒருவருக்குத் துப்பாக்கி கொடுக்க எந்த அதிகாரியும் எளிதில் துணியமாட்டார்.

தேர்தல் வந்தால் எல்லாமே நிற்கும். தேர்தல் அறிவிக்கப்பட்டது முதல் முடிவு வரும்வரை புதிய ஆயுத உரிமம் வழங்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுரை. 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது. வாக்கு எண்ணிக்கை ஜூன் 4 அன்று நடந்தது. இடையே 80 நாள். ஏற்கெனவே உரிமம் உள்ளவர்களும் அக்காலத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி கேட்கப்படலாம்.

இப்போது உழவரின் நாள்காட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வீரிய ஒட்டு மக்காச்சோளம் ஏறக்குறைய 100 முதல் 110 நாளில் அறுவடைக்கு வரும். அதில் பன்றி இறங்கும் பருவம் அதற்கும் முந்தியது. விதைத்த அன்றே விண்ணப்பித்து, எல்லா மேசைகளும் விதிப்படி இயங்கினாலும், கதிர் முற்றும் சமயத்தில்தான் முடிவு வரும். ஒரு போகத்துக்குத் துப்பாக்கி வேண்டும் என்று நினைப்பவர் முந்தைய போகத்திலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும்.

உரிமம் கிடைத்தாலும் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று பொருளல்ல. இதைப் பலர் தவறாகப் புரிந்து கொள்கின்றனர். காட்டுப்பன்றி வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள விலங்கு. பயிரை அழிக்கும் விலங்கைக் கொல்வதற்கு வனத்துறையின் தனி ஆணை வேண்டும். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. உழவருக்குச் சுடும் அனுமதி இதில் இல்லை. மயிலோ முதல் பட்டியலில் உள்ள பறவை. ஆக, பயிர்க் காவல் துப்பாக்கியின் நடைமுறைப் பயன் வெடிச்சத்தத்தால் விரட்டுவதுதான். மாதக்கணக்கில் காத்திருக்கும் முன் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பதிலே வராவிட்டால்

60 நாள் கடந்துவிட்டது, ஆகவே உரிமம் கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று நம் சட்டத்தில் எங்கும் இல்லை. மௌனம் சம்மதமாகாது. மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பதாரர் கேட்டால், பொதுநலன் தடுக்காத வரையில், அதைச் சுருக்கமாகத் தரவும் வேண்டும். மறுப்பு ஆணையை எதிர்த்து 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். சிக்கல் என்னவென்றால், ஆணையே வராதபோது எதை எதிர்த்து முறையிடுவது?

அப்போது உதவுவது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, காவல்துறை அறிக்கை வந்த நாள் எது என்று கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 'ஏன் தாமதம்?' என்று கேட்பதைவிட, தேதிகளையும் குறிப்புகளின் நகலையும் கேட்பதே பயன் தரும். அதன்பின்னும் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். நீதிமன்றம் பெரும்பாலும் உரிமம் கொடு என்று சொல்வதில்லை. இத்தனை வாரத்துக்குள் முடிவெடு என்றே சொல்லும்.

விரைவின் விலை

தாமதத்தைக் குறை சொல்லும்போது மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கிக் கடையில் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க 3 வேலை நாள் கெடு உண்டு. அதற்குள் பதில் வராவிட்டால், நடுவண் சட்டப்படி கடைக்காரர் விற்கலாம். 2015இல் தென் கரோலினாவில் ஓர் இளைஞன் இப்படித்தான் கைத்துப்பாக்கி வாங்கினான். அவன் மீதிருந்த போதைப்பொருள் வழக்கின் விவரம் சரிபார்ப்பவர் கைக்கு உரிய காலத்தில் எட்டவில்லை, கெடு முடிந்தது. ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரில் ஒரு தேவாலயத்தில் அவன் 9 பேரைச் சுட்டுக் கொன்றான்.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜம்மு காஷ்மீரில் 2012க்கும் 2016க்கும் இடையில் தகுதியற்றவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆயுத உரிமங்கள் வழங்கப்பட்டதாக நடுவண் புலனாய்வுத் துறை குற்றஞ்சாட்டியது. காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்துப் போகும் அந்த ஒரு நாள் வேலையை விட்டுவிட முடியாது. அந்த வேலைக்கு முன்னும் பின்னும் கோப்பு சும்மா கிடக்கும் நாள்கள்தான் குறைய வேண்டியவை.

புதுப்பித்தல்

2019ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமத்தின் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்த்தியது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனையும் அப்போது கூடியது; குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை. தாத்தா காலத்துத் துப்பாக்கி, பரணில் கிடக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள் என்று இருப்பவர்கள் இந்த எண்களைக் கவனிக்க வேண்டும்.

உரிமம் முடிவதற்குக் குறைந்தது 60 நாள் முன்பாகவே புதுப்பிக்க விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். உரிமம் காலாவதியாகிவிட்டாலோ, உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டாலோ, துப்பாக்கியைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். புதுப்பித்த உரிமமோ வாரிசுக்கான புதிய உரிமமோ வந்தபின் அந்த ரசீதைக் காட்டி அதைத் திரும்பப் பெறலாம்.