பத்து வருஷத்துக்கு முன்னாடி கொடுத்த சம்பளத்தை இப்போ திருப்பிக் கேட்டால்?

(உரையாடலின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பதிவு: திருவண்ணாமலை. பௌர்ணமிக்கு முந்தின நாள் என்பதால் ஆடியோவில் பஸ் ஹாரன் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நெறியாளர்: இந்த ஊர்லேர்ந்தே ஒரு நேயர் அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. அரசுப் பள்ளி ஆசிரியை, ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு. 2011ல போட்ட ஒரு இன்கிரிமென்ட் தப்பாம். ‘மிகையாகப் பெற்ற ஊதியம் 1,86,400 ரூபாயை 15 நாளில் செலுத்தவும், தவறினால் ஓய்வூதியத்தில் பிடித்தம் செய்யப்படும்’னு ஒரு கடிதம் வந்திருக்கு. “நான் யாரையும் ஏமாத்தலையே தம்பி, அவங்க போட்டாங்க, நான் வாங்கினேன்”னு சொன்னாங்க. இன்னைக்கு நம்மோட இருக்கிறவர் கருவூலத் துறையில வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சார், அந்தப் பணத்தைக் கட்டித்தான் ஆகணுமா?

விருந்தினர்: அவசரப்பட்டுக் கட்ட வேண்டாம், கடிதத்தைத் தூக்கிப் போடவும் வேண்டாம். முதல்ல இதுல ரெண்டு விஷயம் கலந்திருக்கு, அதைப் பிரிச்சுக்கணும். தப்பான ஊதிய நிர்ணயத்தைத் திருத்துறது ஒண்ணு. அதை அரசு செய்யலாம், அதனால இனிமே வர்ற பென்ஷன் குறையவும் கூடும். ஏற்கெனவே கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடிக்கிறது இன்னொண்ணு. அந்த ரெண்டாவதுக்குத்தான் உச்ச நீதிமன்றம் எல்லை போட்டிருக்கு.

நெறியாளர்: எந்தத் தீர்ப்பு சார்?

விருந்தினர்: பஞ்சாப் மாநிலம் எதிர் ரஃபீக் மாசிஹ். 2014 டிசம்பர் 18. வழக்கோட தலைப்புலேயே அவர் பேருக்குப் பக்கத்துல ‘ஒயிட் வாஷர்’னு இருக்கும். வெள்ளையடிக்கிற தொழிலாளி. அதிகாரி பண்ணின தப்புக்கு அந்த மாதிரி ஆளுங்க கிட்ட பணத்தைத் திரும்பக் கேட்கலாமாங்கிறதுதான் கேள்வி. அஞ்சு சூழ்நிலையில பிடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க:

1. மூணாம், நாலாம் நிலைப் பணியாளர்கள்.
2. ஓய்வு பெற்றவர்கள், அல்லது பிடித்த ஆணை வந்து ஒரு வருஷத்துக்குள்ள ஓய்வு பெறப் போறவங்க.
3. ஆணை வர்றதுக்கு முன்னாடி அஞ்சு வருஷத்துக்கு மேல கூடுதல் தொகை கொடுத்துக்கிட்டே வந்திருந்தா.
4. தவறுதலா மேல்பதவி வேலையைச் செய்ய வச்சு, அதுக்கான சம்பளம் கொடுத்திருந்தா.
5. பிடித்தா அது ரொம்பக் கொடுமையா, நியாயமில்லாம இருக்கும்னு நீதிமன்றம் கருதினா.

நெறியாளர்: அப்போ அக்காவுக்கு ரெண்டும் மூணும் பொருந்துது.

விருந்தினர்: பொருந்துற மாதிரிதான் தெரியுது. 2022 மே மாசம் வந்த தாமஸ் டேனியல் வழக்கும் கிட்டத்தட்ட இதே கதை. கேரளாவுல ஆசிரியர், 1999ல ரிட்டயர் ஆனவர். அவர் கிட்டப் பிடிக்கக் கூடாதுன்னு தீர்ப்பாச்சு. காரணம் எளிமையானது. சம்பளம் வாங்குறவர் அதைக் குடும்பத்துக்குச் செலவு பண்ணிடுவார். அது தப்பான பணம்னு அவருக்குத் தெரிய வழியில்ல. 2025 ஏப்ரல்ல ஒடிசா நீதிமன்ற ஊழியர்கள் வழக்குலயும், ஓய்வு பெற்றவங்களைக் கேட்காமலே போட்ட பிடித்த ஆணையை ரத்து பண்ணினாங்க.

நெறியாளர்: அப்போ கவலையே இல்லைன்னு சொல்லலாமா?

விருந்தினர்: சொல்ல மாட்டேன். பொய்த் தகவல் கொடுத்து வாங்கியிருந்தாலோ, தப்புன்னு தெரிஞ்சே வாங்கியிருந்தாலோ இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. இன்னொண்ணு, உறுதிமொழி. புது ஊதிய விகிதத்துக்கு மாறும்போது ‘கூடுதலாகக் கொடுத்திருந்தால் திருப்பித் தருகிறேன்’னு ஒரு தாள்ல கையெழுத்து வாங்குவாங்க. பல பேர் படிக்காமலே போட்டிருப்போம். 2016ல ஜக்தேவ் சிங் வழக்குல, அந்தக் கையெழுத்து இருந்ததால பிடிக்கலாம்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அவர் நீதித்துறை அதிகாரி. ஓய்வு பெற்றவர்ங்கிறதும் உதவல. ரெண்டு வருஷத் தவணையில பிடிங்கன்னாங்க, அவ்வளவுதான்.

நெறியாளர்: அந்தத் தாள் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

விருந்தினர்: அதுக்குத்தான் பணிப்பதிவேட்டைப் பார்க்கணும், நாம எஸ்.ஆர்.ன்னு சொல்றது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டணத்தோட மனு போடுங்க. பணிப்பதிவேட்டு நகல், தணிக்கைத் தடை நகல், தொகையைக் கணக்குப் போட்ட தாள், உறுதிமொழி இருந்தா அதன் நகல், நாலையும் கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும். வராட்டி முதல் மேல்முறையீடு.

நெறியாளர்: ஆனா கடிதம் 15 நாள்தானே கொடுத்திருக்கு?

விருந்தினர்: அதனால நகலுக்குக் காத்திருக்கக் கூடாது. இன்னைக்கே ஒரு பக்கத்துல ஆட்சேபணை எழுதி, விரைவுத் தபால்ல (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பிடணும். ஓய்வு பெற்ற தேதி, எந்த வருஷத்துலேர்ந்து கொடுத்தாங்க, என் தரப்புல தவறான தகவல் எதுவும் இல்லை, என்னைக் கேட்காம ஆணை போட்டிருக்கீங்க, 2014 தீர்ப்புப்படி இதைக் கைவிடணும், ஆவணம் கொடுக்கிற வரைக்கும் பிடிக்கக் கூடாது. இவ்வளவு போதும். கோபத்தைக் காட்ட வேண்டாம். ஒரு நகலைக் கருவூலத்துக்கும் கொடுத்து, முத்திரை வாங்கி வச்சுக்குங்க. ‘தவணையில கட்ட சம்மதம்’னு மட்டும் யார் சொன்னாலும் யோசிக்காம எழுதிக் கொடுத்துடாதீங்க.

நெறியாளர்: கேட்கலைன்னா?

விருந்தினர்: மாநில அரசு ஊழியர்னா உயர் நீதிமன்றத்துல நீதிப்பேராணை மனு. திருவண்ணாமலை மாவட்டம் சென்னை அமர்வுக்கு வருது, மதுரைக்கு இல்ல. மத்திய அரசு ஊழியர்னா மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். வக்கீல் செலவை நினைச்சுத்தான் பல பேர் பேசாம கட்டிடுறாங்க. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காம இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல போய்க் கேட்கணும், அந்த டீச்சரும் கேட்கலாம்.

நெறியாளர்: கடைசியா அவங்களுக்கு என்ன சொல்வீங்க?

விருந்தினர்: அந்தக் கடிதம் வந்ததால நீங்க குற்றவாளி ஆகிடல, டீச்சர். கணக்குத் தப்பு அலுவலகத்தோடது. ஆனா பதில் எழுத வேண்டியது நீங்கதான். 15 நாள் முடியறதுக்குள்ள எழுதுங்க.

(இது பொதுவான விளக்கம். உங்கள் கடிதத்தையும் ஆவணங்களையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே முடிவெடுங்கள்.)