நெல் வயலில் பாசி: மயில்துத்தத்துக்கு முன்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கம் தீவிலும், தென்கரையில் உய்யக்கொண்டான் வாய்க்கால் பாயும் திருச்சி வயல்களிலும், நடவு முடிந்த இரண்டொரு வாரத்தில் தண்ணீரின் மேல் பச்சை படர்வது உண்டு. கண்டவுடன் மயில்துத்தம் வாங்கி வர ஓடுகிறார்கள். எல்லாப் பாசியும் பயிருக்குப் பகையல்ல. ஒரு கைப்பிடி அள்ளிப் பார்ப்பது நல்லது.

பச்சை நூல்போல் நீண்டு, ஈரப் பட்டுபோல் வழுக்கினால் அது நூல்பாசி, கெடுதலானது. வலை பின்னியதுபோல் இருப்பதும் அவ்வாறே. சேற்றில் ஊன்றி நின்று, தொட்டால் சொரசொரத்து, கசக்கினால் பூண்டு வாடை வீசுவது காரா எனும் பாசி. அதுவும் வேண்டாதது. ஆனால் நீலம் கலந்த கரும்பச்சையில் கூழ்போல் திரண்டிருப்பது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து நெல்லுக்குத் தருவது இதுவே என்று பி.கே.டே என்ற இந்திய விஞ்ஞானி 1939-ல் எடுத்துக்காட்டினார். அடியில் வேர் தொங்கும் சிற்றிலைகளைக் கண்டால், அது பாசியே அல்ல, அசோலா.

நூல்பாசி நாற்றங்காலிலும் நேரடி விதைப்பிலும்தான் அதிகம் கெடுக்கும். தண்ணீர் வடியும்போது பாசிப் படலம் இளம் நாற்றின் மேல் படிந்து அதைச் சாய்த்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் இன்னொன்று. வெயில் நேரத்தில் பாசி தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. அந்நேரம் தூவும் யூரியாவில் ஒரு பங்கு அமோனியாவாகிக் காற்றோடு போய்விடும்.

பாசிக்குத் தீனி பெரும்பாலும் நாம் போடுவதுதான். சூப்பர் பாஸ்பேட்டையோ டி.ஏ.பி.யையோ தேங்கிய நீரின் மேல் தூவினால் முதலில் உண்பது பாசி. மணிச்சத்தைக் கடைசித் தொழி உழவில் மண்ணோடு கலந்துவிட வேண்டும். நகர்க் கழிவுநீர் கலந்த வாய்க்காலிலும், உவர் கண்ட போர்த் தண்ணீரிலும் பாசி கூடுதலாகவே வரும். மணிகண்டம் பக்கத்து உவர் நிலங்களுக்கு எவ்வளவு ஜிப்சம் வேண்டும் என்பதை மண் பரிசோதனை செய்தே முடிவு செய்தல் வேண்டும். நாவலூர் குட்டப்பட்டு அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியில் இதற்கு யோசனை கேட்கலாம்.

பாசி வந்துவிட்டால், காற்று ஒதுக்கிய மூலையில் மூங்கில் கழியால் வாரி எருக்குழியில் போடலாம். பிறகு தண்ணீரை வடித்து, மயிரிழை வெடிப்பு காணும் வரை இரண்டு மூன்று நாள் காயவிட்டு, புதுத் தண்ணீர் கட்ட வேண்டும். உவர் நிலத்தை அதற்கு மேல் காயவிடலாகாது, உப்பு மேலேறும்.

அதற்கும் அடங்காவிட்டால்தான் மயில்துத்தம். ஏக்கருக்கு 2 கிலோ. தூளாக்கி, உலர்ந்த மணலில் கலந்து, தண்ணீர் நிற்கும்போது தூவலாம். அல்லது துணிப்பையில் கட்டி வாய்மடையில் போட்டால் கரைந்து பரவும். இரும்பு வாளியில் கரைக்கக் கூடாது, அரித்துவிடும். தூவிய தண்ணீரை வாய்க்காலிலோ குளத்திலோ வடித்தால் மீன் சாகும். தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடுவதால் ஒரே போகத்தில் மறுபடியும் போடுவது சரியல்ல.

மயில்துத்தம் நீலப்பச்சைப் பாசியையும் கொன்றுவிடும். நடவு செய்த பத்தாம் நாள் ஏக்கருக்கு 4 கிலோ நீலப்பச்சைப் பாசி உரம் இட நினைப்பவர்கள் அந்தப் போகத்தில் மயில்துத்தம் பக்கமே போகலாகாது.