நாதம் குடியிருக்கும் மரம்

வீட்டில் ஒரு கிதார் செய்து பார்க்கலாம் என்று முதல்முறையாக இறங்குபவருக்கு முதல் வேலை அறுப்பதும் அல்ல, இழைப்பதும் அல்ல; தட்டிப் பார்ப்பதுதான். மேற்பலகைக்கு வாங்கி வந்த ஸ்ப்ரூஸ் பலகையை ஓரத்தில் இரண்டு விரலால் தொங்கவிட்டுப் பிடித்து, மறுகையின் விரல் முட்டியால் நடுவில் தட்ட வேண்டும். ஒட்டுப்பலகையாக இருந்தால் ‘டொக்’கென்று அடங்கிவிடும். நல்ல ஸ்ப்ரூஸோ ‘ணங்’கென்று ஒலிக்கும், அந்த ஒலி சற்று நேரம் நின்று தேயும். கம்பி கட்டவில்லை, கூடு இல்லை, ஒரு சொட்டுப் பசைகூட வைக்கவில்லை. அதற்குள் இந்தக் குரல் எங்கிருந்து வந்தது?

ஸ்ப்ரூஸ் குளிர்நாட்டு ஊசியிலை மரம். அலாஸ்கா கடற்கரையில் வளரும் சிட்கா ஸ்ப்ரூஸ் வானளாவ நிற்கும். அதை அறுத்த பலகையில், வசந்தத்தில் விறுவிறுவென வளர்ந்ததற்கு வெளிறிய பட்டை ஒன்று, கோடையின் முடிவில் தயங்கி வளர்ந்ததற்குக் கருத்த மெல்லிய வரி ஒன்று. இரண்டும் சேர்ந்தால் மரத்தின் வயதில் ஓர் ஆண்டு. குளிரில் வளர்ச்சி மெதுவாக இருப்பதால் வரிகள் நெருங்கி விழுகின்றன. ஒரு சாண் அகலப் பலகையில் நூறு ஆண்டுகளுக்கு மேல் எண்ணிவிடலாம்.

அந்த வரிகளை உருப்பெருக்கியில் பார்த்தால், தலைமயிரைவிட மெல்லிய குழாய்கள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 3 மில்லிமீட்டர் நீளம். வேர் உறிஞ்சிய நீரை உச்சிக்கு ஏற்றுவதும், புயல் அடித்தால் மரத்தை ஒடியாமல் நிறுத்துவதும் இவற்றின் வேலை. நீர் ஓட உள்ளே காலி இடம் வேண்டும். காற்றைத் தாங்கச் சுவர் விறைப்பாக இருக்க வேண்டும். இலேசும் விறைப்பும் ஒரே பொருளில் கூடின. ஒலிக்கு வேண்டியதும் இந்த இரண்டும்தான்! எஃகின் எடையில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்த மரத்தில், இழை ஓடும் திசையில் ஒலி நொடிக்கு 5000 மீட்டர் வேகத்தில், எஃகோடு போட்டி போட்டுக்கொண்டு ஓடுகிறது. காற்றில் அதன் வேகம் 340 மீட்டர்தான். பாடுவது மரத்தின் தேவை அல்ல. அதற்கு வேண்டியிருந்தது நிற்பது மட்டும்தான். நிற்கக் கொடுத்த உடம்பிலேயே நாதத்தையும் வைத்த கருணையை என்னென்பது!

இந்தப் பலகையைச் சுமார் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைக்க வேண்டும். இழை நெடுக விறைப்பாக இருக்கும் மரம் குறுக்கே அதில் பத்தில் ஒரு பங்கு விறைப்புக்கூட இல்லாமல் நெகிழும். அதனால்தான் அடியில் மெல்லிய தாங்குகட்டைகளை ஒட்டுகிறார்கள். ஸ்பெயினின் அன்டோனியோ டி டோரஸ் 1862இல் ஒரு கிதாரின் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் ஸ்ப்ரூஸில் அமைத்தார். குரலின் உயிர் மேற்பலகையில்தான் என்று காட்டிய அந்தக் கிதார் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பக்கங்களுக்கு வருவது நம் மரம். 1960களின் இறுதியில் பிரேசில் தன் ரோஸ்வுட் கட்டைகளை வெளியே அனுப்புவதை நிறுத்தியதும், உலகின் கிதார்ப் பட்டறைகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்தைத் தேடி வந்தன. வைரம் பாய்ந்த இந்த மரத்தை இடுப்புபோல வளைப்பது எப்படி? 2 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து, நீரில் நனைத்து, பழுக்கக் காய்ச்சாமல் நன்றாகச் சூடேற்றிய இரும்புக் குழாயில் அழுத்திப் பிடிக்க வேண்டும். முதலில் முரண்டு பிடிக்கும். அவசரப்பட்டு அமுக்கினால் படாரென்று முறியும். பொறுத்திருந்தால், ஒரு கணத்தில் கைக்கே தெரியும்: மரம் இளகிவிட்டது. செடிகொடிகளுக்கு நிமிர்ந்து நிற்கும் வலுவைக் கொடுத்த லிக்னின் என்ற பசைதான் வெப்பத்தில் நெகிழ்கிறது. ஆறியதும் புது வளைவிலேயே இறுகிவிடுகிறது. பக்கங்களின் உள்விளிம்பில் பட்டையை ஒட்டும்போது பெரிய கருவி எதுவும் வேண்டாம்; கொடியில் துணி மாட்டும் கிளிப்புகளே வரிசையாய் நின்று பிடித்துக்கொள்ளும்.

கழுத்தில் மெட்டுகளைப் பதிக்கும்போது இன்னொரு வியப்பு. 650 மில்லிமீட்டர் கம்பி நீளத்தில் முதல் மெட்டு 36.5 மில்லிமீட்டரில் விழுகிறது. ஒவ்வோர் இடைவெளியும் முந்தையதைவிடச் சற்றுக் குறுகி, 12ஆம் மெட்டு மிகச் சரியாகப் பாதியில், 325இல் வந்து நிற்கிறது. பாதிக் கம்பியில் அதே சுரம் மேல் ஸ்தாயியில் பேசும். மெழுகுப் படுகையில் காதால் கேட்டே மெட்டு பதிக்கும் வீணைக் கலைஞரும் 12ஆம் மெட்டுக்கு அந்தப் பாதியைத்தான் வந்தடைகிறார். இந்த விதியை எந்த ஊர்க் கலைஞரும் போடவில்லை. எல்லா ஊர்க் கலைஞர்களும் கண்டுகொண்டார்கள்.

கூடு மூடி, கம்பி ஏற்றும் நாள் வரும். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவையை மேற்பலகைமேல் போடுகின்றன. அந்தப் பலகையின் எடையோ 200 கிராமைத் தொடாது. முடுக்க முடுக்க, கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்குப் பின்னால் அது மயிரிழை அளவு மேலெழும்பும். செய்தவருக்கு நெஞ்சு படபடக்கும். பலகை உடையாது, கொஞ்சம் வளைந்து கொடுத்து நிற்கும். நூறு ஆண்டுகள் பனிக்காற்றில் அது பழகியதே அப்படி நிற்கத்தானே?

முதல் மீட்டலில் கூட்டுக்குள் அடைபட்ட காற்றும் ஒலித்துளை வழியே மூச்சு விடுகிறது. ஒட்டுகளில் ஒன்றிரண்டு கோணலாக இருக்கலாம். மெருகு திட்டுத் திட்டாக இருக்கலாம். ஆனாலும் குரல் வருகிறது. கிதார் செய்பவர்கள் தங்கள் பெயரும் ஆண்டும் எழுதிய சீட்டொன்றை ஒலித்துளைக்கு நேரே உள்ளே ஒட்டுவது வழக்கம். முதல்முறை செய்தவரும் ஆசையாக எழுதி ஒட்டுவார். ஒட்டிவிட்டு நிமிர்ந்தால் மேற்பலகை கண்ணில் படும். அதில் நெருக்க நெருக்கமாக, ஆண்டுக்கு ஒரு வரியாக, அவருக்கு வெகு காலம் முன்பே ஒருவர் எழுதி முடித்திருக்கிறார்.