மயில் கவுனும் பொன்வண்டும்

கர்சன் பிரபு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பள்ளி வரலாற்றுப் புத்தகம், 1905, வங்கப் பிரிவினை. பரீட்சைக்கு அது போதும். ஆனால் அவர் மனைவி மேரி கர்சன் 1903 ஜனவரியில் தில்லியில் உடுத்திய ஒரு கவுன், 120 வருஷம் தாண்டி இன்னும் இருக்கிறது. 'மயில் கவுன்' என்று அதற்குப் பெயர். அதில் வரலாறும் இருக்கு, நாம் படிக்கிற பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் இருக்கு.

யார் இந்த மேரி?

பிறந்தது அமெரிக்காவில், 1870-ல். அப்பா லீவை லைட்டர், சிகாகோவில் பெரிய கடை வியாபாரி. 1895-ல் கர்சனைக் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு வைஸ்ராயின் மனைவியாக இந்தியாவுக்கு வந்தார். இந்திய எம்பிராய்டரி மேல் அவருக்கு ரொம்பப் பிரியம். இங்கே வேலைப்பாடு செய்த துணியைப் பாரீஸுக்கு அனுப்பி கவுனாகத் தைத்து வாங்குவார்.

ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டலைக் கொண்டாட 1903-ல் தில்லியில் தர்பார் கூட்டினார் கர்சன். அதையொட்டி செங்கோட்டையில் நடந்த நடன விருந்துக்குத்தான் இந்த கவுன். சரி, ஏன் மயில்? ஷாஜகானின் மயிலாசனம் இருந்த கோட்டை அது. 1739-ல் நாதிர் ஷா அதை அள்ளிக்கொண்டு போய்விட்டார். கடைசி முகலாயரை 1858-ல் ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள் ஆங்கிலேயர்கள். அதே கோட்டையில் வைஸ்ராயின் மனைவி மயில் வேடத்தில் நின்றால் என்ன அர்த்தம்? 'இனி ஆசனம் எங்களுடையது' என்பதுதான். இதற்கு மூன்று வருஷம் முன்னால்தான் மேற்கு, மத்திய இந்தியாவில் கொடிய பஞ்சம். இந்த நேரத்தில் இவ்வளவு ஆடம்பரமா என்று அப்போதே கண்டனம் எழுந்தது.

நாலரை கிலோ வேலைப்பாடு

தில்லி, ஆக்ரா கைவினைஞர்கள் மெல்லிய ஷிஃபான் துணியில் ஜர்தோசி முறையில் மயிலிறகுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினாற்போலச் செய்தார்கள். இன்றைக்குக் கல்யாண பிளவுஸுக்கு ஆரி வொர்க் போடுகிறவர்கள் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அப்படித்தான் இதற்கும். உலோக இழையைத் துணிமேல் படுக்க வைத்து, மெல்லிய நூலால் தைத்துப் பிடிப்பார்கள். முடிந்த துண்டுகள் கப்பலேறி பாரீஸின் வொர்த் நிறுவனத்துக்குப் போயின. அவர்கள் கவுனாக்கி, விளிம்பில் வெள்ளை ரோஜாக்கள் வைத்தார்கள். மொத்த எடை நாலரை கிலோவுக்குப் பக்கம்!

ஒவ்வொரு இறகின் கண்ணிலும் பளபளக்கும் பச்சையைப் பார்த்தால் மரகதம் என்றே நினைப்போம். உண்மையில் அது ஒரு வண்டின் இறக்கை மூடி. சின்ன வயசில் தீப்பெட்டியில் அடைத்து வளர்ப்போமே, பொன்வண்டு, அதோட இனம்தான். 19-ஆம் நூற்றாண்டில் இந்த வண்டு இறக்கை எம்பிராய்டரிக்கு நம்ம மெட்ராஸும் பேர் போன ஊர்.

எது கறுத்தது, எது மின்னுது?

இன்று அந்த கவுனில் உலோக இழைகள் மங்கிக் கறுத்துவிட்டன. வண்டு இறக்கைகள் மட்டும் அப்படியே மின்னுகின்றன. ஏன்?

சரிகையில் இருக்கும் வெள்ளி, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வினைபுரிந்து கறுப்பான வெள்ளி சல்ஃபைடு ஆகிறது. பாட்டியின் பழைய பட்டுப்புடவையிலும் நடப்பது இதேதான். குத்துவிளக்கு மாதிரி தேய்த்துத் துலக்கவும் முடியாது. தேய்த்தால் துணி போய்விடும்.

பொன்வண்டின் பச்சையோ சாயமே இல்லை. நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது சில அலைநீளங்கள் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. முதல் வருஷ பிசிக்ஸில் படித்த இன்டர்ஃபியரன்ஸேதான். சோப்புக் குமிழியின் வர்ணமும் இப்படித்தான் வருகிறது. சாயம் என்றால் வெளிச்சம் பட்டுப் பட்டு அதன் மூலக்கூறுகள் சிதைந்து வெளுக்கும். இங்கே அடுக்குகள் குலையாதவரை நிறமும் போகாது. நிஜ மயிலிறகின் நிறமும் இதே வகைதான். இறகுக்கு வண்டைத் தேர்ந்தெடுத்த கைகளுக்கு இந்தச் சமன்பாடெல்லாம் தெரிந்திருக்காது. ஆனால் எது நிலைக்கும் என்பது தெரிந்திருந்தது.

மேரி 1906-ல், வெறும் 36 வயதில் இறந்துபோனார். கவுன் இங்கிலாந்தில் கர்சன் குடும்பத்து மாளிகையான கெடில்ஸ்டன் ஹாலில் பாதுகாக்கப்படுகிறது. இத்தனை பழைய துணிக்கு வெளிச்சமே எதிரி. அதனால்தான் அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட உடைகளைப் பொதுவாக 50 லக்ஸ் அளவு மங்கலான ஒளியில் வைக்கிறார்கள்.

ஒரு விஷயம் கவனிச்சீங்களா? உடுத்தியவர் பெயரைச் சொல்கிறோம், தைத்த பாரீஸ் கம்பெனியின் பெயரைச் சொல்கிறோம். ஊசி பிடித்தவர்கள் என்று வரும்போது மட்டும் 'தில்லி, ஆக்ரா கைவினைஞர்கள்' என்று ஊரோடு நிறுத்திக்கொள்கிறோம். அடுத்த முறை மியூசியத்துக்குப் போனால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் உடை யாருடையது என்பதோடு விட்டுவிடாதீங்க. யார் செய்தது என்றும் கேளுங்க.