மலையில் முளைக்கும் கட்டடம்: அடிவாரத் தோட்டத்துக்கும் கணக்கு உண்டு

ஆயக்குடியில் கொய்யா வைத்திருக்கிறீர்களா? பெரியகுளத்தில் மாந்தோப்பா? அய்யம்பாளையத்தில் தென்னையா? அப்படியானால் கொடைக்கானலில் யார் எந்தச் சரிவை வெட்டி காட்டேஜ் கட்டுகிறார்கள் என்பது உங்களுக்குச் சுற்றுலாச் செய்தி அல்ல, கிணற்றுச் செய்தி.

பழனி மலைத்தொடரின் தண்ணீர் இரண்டு பக்கமாகப் பிரிகிறது. வடக்கே இறங்குவது பாலாறு பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, பரப்பலாறு அணைகளுக்கு வந்து, மிஞ்சியது அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. தெற்கே இறங்குவது மருதாநதி, மஞ்சளாறு, சோத்துப்பாறை அணைகளை நிரப்பி வைகைக்குப் போகிறது. பேரிஜம் ஏரித் தண்ணீர் பெரியகுளம் நகரத்தின் குடிநீர். கொடைக்கானல் நகருக்கு நடுவில் படகு விடுகிற நட்சத்திர ஏரியின் உபரி நீர், வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுந்து பழனிப் பக்கம் இறங்குகிறது. சுற்றுலா வந்தவர்கள் நின்று போட்டோ எடுக்கிற அந்த அருவி, ஏரியின் கலிங்கு நீர்தான்.

அந்த ஏரி இயற்கையாக அமைந்ததல்ல. 1863-ல், மதுரை கலெக்டராக இருந்த வேரே ஹென்றி லெவிஞ்ச், ஓடைகள் கூடுகிற சதுப்புப் பள்ளத்துக்குக் கரை போட்டுத் தேக்கியது. சுமார் 60 ஏக்கர், சுற்றி நடந்தால் 5 கிலோமீட்டர். நாலு பக்கச் சரிவிலிருந்தும் தண்ணீர் வந்து சேரும் கிண்ணம் அது. கிண்ணத்தின் விளிம்பில் என்ன கொட்டினாலும் உள்ளே வரும். சுற்றிலும் விடுதிகள் பெருகிய பிறகு கழிவுநீரும் அப்படித்தான் வந்தது. ஏரியை தேசிய ஏரிகள் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்து மத்திய அரசு பணம் ஒதுக்கும் அளவுக்கு நிலைமை போனது.

பஞ்சு மாதிரி ஒரு மண்

 மாசி, பங்குனியில்கூட ஓடையில் தண்ணீர் கசிகிறது என்றால் காரணம் சோலையும் புல்வெளியும். பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல்வெளி என்று அடுத்தடுத்து இருப்பதுதான் இந்த மலையின் அமைப்பு. சோலைக்குள் காலை வைத்தால் இலைமக்கு மெத்தை மாதிரி அமுங்கும். மழை அதில் இறங்கி, மண்ணுக்குள் தங்கி, ஊற்றாக மெதுவாக வெளியே வரும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்ததை உங்களுக்குக் கோடையில் தருகிற வங்கி அது.

அதே சரிவை ஜே.சி.பி. வைத்து வெட்டி, கான்கிரீட் போட்டு, பார்க்கிங் இடமாக்கினால், அதே மழை சில நிமிடங்களில் ரோட்டில் ஓடி, மண்ணையும் அள்ளிக்கொண்டு கீழே வரும். மழைக்காலத்தில் அணை ஒரே நாளில் ஏறும். சேறும் சேர்ந்தே வரும். கோடையில் ஓடை வற்றும். மழையளவு மாறாமல் இருந்தாலே இது நடக்கும். "மழை நல்லாத்தான் பெஞ்சுச்சு, தண்ணி எங்க போச்சு?" என்று கேட்கிறவர்கள் ஒரு தடவை மேலே ஏறிப் பார்க்க வேண்டும்.

இதில் கட்டடக்காரர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டியது. முக்கியக் காரணமாக அது சொன்னது, வனத்துறை நட்ட வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோட்டங்களை. அடுத்த காரணம் விவசாயம். கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுவதற்காகச் சரிவை நேராக உழுததில் நம் பங்கும் இருக்கிறது. சரிவுக்குக் குறுக்கே படிமட்டம் கட்டாமல், ஓடைக்கரை வரை வேலி போட்டவர்கள் ரிசார்ட்காரர்களைக் கேள்வி கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

வாட்டில், பைன் மரங்களை ஒரேயடியாக வெட்டிவிடலாமா என்பது தனி விவாதம். வட்டக்கானல் பகுதியில் நாட்டுச் சோலை மரக் கன்றுகளை வளர்த்து நட்டவர்கள் சொன்னது: பழைய தோட்டங்களின் நிழலில் சோலைச் செடிகள் தானாக முளைக்கின்றன, அவசரப்பட்டு வெட்டினால் அதையும் சேர்த்து இழப்போம். எனக்கு இதில் நியாயம் இருப்பதாகப் படுகிறது. மிச்சமிருக்கும் புல்வெளியில் பரவும் வாட்டிலைப் பிடுங்குவதுதான் முதல் வேலை.

ஏழு மாடி விவகாரம்

ஊர்க்காரர்கள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொடைக்கானலிலேயே உதாரணம் இருக்கிறது. 1985-ல் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் தொடங்கியது. ஆரம்பத்தில் நாற்றங்கால், மரம் நடுதல் என்றுதான் வேலை. பிறகுதான் கட்டடங்கள் பக்கம் திரும்பியது. மலைப்பகுதியில் இரண்டு தளத்துக்கு அனுமதி வாங்கிய பிளசன்ட் ஸ்டே என்ற ஹோட்டல் ஏழு தளம் எழுப்பியது. 1994-ல் அரசு அதற்கு விதிவிலக்கு அளித்து ஆணை போட்டது. மன்றம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1995-ல் அந்த ஆணையை நீதிமன்றம் ரத்து செய்தது. கூடுதல் ஐந்து தளங்களையும் இடிக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் அந்த விதிவிலக்கு தொடர்பான குற்ற வழக்கு தமிழக அரசியலையே உலுக்கி, 2000-ல் தண்டனை, 2001-ல் மேல்முறையீட்டில் விடுதலை என்று முடிந்தது வேறு கதை. விவசாயி இதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு சிறிய உள்ளூர் அமைப்பு, அரசாணையையே கேள்வி கேட்டு வென்றது.

பாதரச விவகாரமும் அதே மாதிரி. சோலைக்காட்டை ஒட்டிய மேட்டில் இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001 மார்ச்சில் மக்கள் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016-ல்தான் வந்தது. பதினைந்து வருடம். அந்த மேட்டிலிருந்து இறங்கும் பாம்பாறுதான் கும்பக்கரை அருவியாகப் பெரியகுளம் பக்கம் விழுகிறது. நட்சத்திர ஏரியின் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை ஆய்வாளர்கள் 2006-ல் பதிவு செய்தார்கள். ஒருமுறை மண்ணில் சேர்ந்ததை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிடப் பாடம் தேவையில்லை.

பூண்டுத் தோட்டம் மனையானால்

இப்போது நகரம் நிரம்பிவிட்டது. கட்டடங்கள் வில்பட்டி, பள்ளங்கி தாண்டி, மேல்மலைக் கிராமங்களான பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் நகர்கின்றன. மேல்மலை என்றால் மலைப்பூண்டு. காரமும் மணமும் அதிகம், சரியாகக் கட்டித் தொங்கவிட்டால் ஒரு வருடம் வரை கெடாது. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே, 2008-ல், விருப்பாச்சி மலை வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் குறியீடு வந்துவிட்டது.

புவிசார் குறியீடு என்பது பயிருக்குக் கொடுத்ததல்ல, இடத்துக்குக் கொடுத்தது. அந்த மண், அந்தக் குளிர், அந்தப் பனி இருந்தால்தான் அது மலைப்பூண்டு. தோட்டம் காட்டேஜ் மனையாகப் பிரிந்த பிறகு குறியீட்டுச் சான்றிதழை சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம், அவ்வளவுதான்.

விற்கிறவர்களையும் குறை சொல்ல முடியவில்லை. காட்டு மாடு இறங்கி ஒரே இரவில் பாத்தியை மேய்ந்துவிட்டுப் போகிறது. கேரட் விலை விழுகிறது. பிள்ளைகள் திண்டுக்கல்லிலும் மதுரையிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் ஒருவர் வந்து சென்ட் கணக்கில் விலை பேசினால் யாருக்கும் மனசு ஆடும். ஆனால் விற்றவருக்கு ஒரு தடவை பணம்; பக்கத்துத் தோட்டக்காரருக்கு எப்போதும் தொல்லை. புதுக் கட்டடக்காரர் முதலில் தேடுவது தண்ணீர். ஓடையில் குழாய் போடுவார், ஊற்றுக்கு மேலே குழி தோண்டுவார். பல தலைமுறையாகப் பொதுவாகப் பயன்பட்ட வாய்க்கால் ஒருவர் காம்பவுண்டுக்குள் போய்விடும்.

இ-பாஸ் போதுமா?

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடைக்கு, கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தது. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் இந்த வரம்பு இல்லை. இந்த மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கிடும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது.

நல்ல ஏற்பாடு. ஆனால் இ-பாஸ் வண்டியைத்தான் எண்ணுகிறது, கட்டடத்தை எண்ணுவதில்லை. வண்டி திங்கட்கிழமை இறங்கிவிடும். வெட்டிய சரிவு அப்படியே இருக்கும். 2019-ல் நீதிமன்றம் கண்டித்த பிறகு நகரில் விதிமீறல் கட்டடங்களுக்கு வரிசையாகச் சீல் வைத்தார்கள். கட்டி முடித்த பிறகு சீல் வைப்பதைவிட, அடித்தளம் தோண்டும்போதே தடுப்பதுதான் மண்ணுக்கு நல்லது. அந்த நேரத்தில் அங்கே இருக்கிறவர் அதிகாரி அல்ல, பக்கத்துத் தோட்டக்காரரான நீங்கள்.

என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் கிராமம் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். 'ஹாக்கா' என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். 1990-ல் வந்த ஏற்பாடு. பட்டியலில் உள்ள கிராமத்தில் விவசாய நிலத்தை மனையாக்கவோ பெரிய கட்டடம் கட்டவோ சாதாரண ஊராட்சி அனுமதி போதாது. வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்று வேண்டும். "பஞ்சாயத்தில் அப்ரூவல் வாங்கியாச்சு" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். மற்ற மூன்றும் எங்கே என்று கேளுங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: இந்தப் புல எண்ணில் கட்டடத்துக்கு அனுமதி உண்டா, எத்தனை தளம், எந்தெந்தத் துறை சான்று கொடுத்தது, நகல் வேண்டும். பாதி விவகாரம் இந்த ஒரு மனுவிலேயே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

ஓடை, வாய்க்கால் மறிக்கப்பட்டிருந்தால் அ-பதிவேடும் புல வரைபடமும் வாங்கி வையுங்கள். ஓடை புறம்போக்கு என்று பதிவேட்டில் இருந்தால் வாதமே வேண்டியதில்லை. தேதியோடு போட்டோ எடுத்து, வருவாய்க் கோட்டாட்சியருக்கு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே போவதாக இருந்தால் காலக்கெடு முக்கியம்: பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனால் மனுவே நிற்காது.

தனியாளாக எதுவும் செய்ய வேண்டாம். மலைக் கிராமம் சிறிது, மனுக் கொடுத்தவர் யார் என்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பத்துப் பேர் கையெழுத்திட்டால் அந்தப் பயம் குறையும். அடிவார நீர்ப்பாசனச் சங்கங்களும் சேர்ந்து மனு கொடுக்கலாம். பழனிக்காரர் கொடைக்கானல் ஓடையைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

கிராம சபை இப்போது வருடத்தில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். உங்கள் ஊர் ஊற்றுகள், ஓடைகள், பொதுக் கிணறுகள் அத்தனையையும் புல எண்ணோடு பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள். வயதானவர்களைக் கேட்டால் மூடப்பட்ட ஊற்றுகளும் பட்டியலில் வரும். அதை அப்படியே தீர்மானமாக நிறைவேற்றச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பக்கத்தின் நகலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.