கூரையின் உஷ்ணமும் சர்க்கார் கணக்கும்

சென்ற சித்திரையில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு என் தாயார் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடியறையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். "சூரியன் அஸ்தமித்து எவ்வளவு நேரம் ஆயிற்று! கூரைக்கு மட்டும் இன்னும் தெரியவில்லையே, அப்பா!" என்றார்.

திருப்பாச்சூரில் கடன் வாங்கிக் கட்டிய வீடு. தாயாருக்கென்றே மாடியில் ஓர் அறை போட்டிருக்கிறேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்திருந்தேன். அந்த அறையின் தலைமேல் ஐந்து அங்குலக் கான்கிரீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது.

என்னிடம் கணக்குப் படித்த பிள்ளை ஒருவன் இப்பொழுது சென்னையில் பெரிய கட்டடங்களுக்குத் திட்டம் வகுக்கும் இஞ்சினீயராக இருக்கிறான். அவனிடம் முறையிட்டேன். அவன் காகிதமும் பென்சிலும் எடுத்து எனக்கே பாடம் நடத்தத் தொடங்கினான்.

இந்தியாவில் எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-இல் நிறைவேறிற்று. அதன்கீழ் காரியாலயங்கள், ஹோட்டல்கள் போன்ற பெரிய கட்டடங்களுக்கு 2007-இலும், குடியிருப்புகளுக்கு 2018-இலும் விதிகள் வெளியாயின. பின்னதற்கு 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று பெயர். தேசத்தைச் சீதோஷ்ணத்தின்படி ஐந்து பிரிவாக்கியதில் சென்னை, வெப்பமும் ஈரமும் சேர்ந்த பிரிவில் விழுகிறது. வியர்வை உலராத பிரதேசம் என்று பொருள். இங்கே நிழல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும்.

ஆகவே இப்பிரிவில் திறக்கக்கூடிய ஜன்னலும் கதவும் தரையின் விஸ்தீரணத்தில் ஆறில் ஒரு பங்காவது இருக்கவேண்டும் என்பது விதி. என் தாயாரின் அறை பன்னிரண்டுக்குப் பத்து. நூற்றிருபது சதுர அடி. தேவை இருபது சதுர அடி. நாலுக்கு நாலு ஜன்னல் இரண்டு வைத்திருக்கிறேனே என்றேன். "ஸார், அவை பக்கவாட்டில் நகரும் கண்ணாடி ஜன்னல்கள். பாதிதான் திறக்கும். பதினாறுதான் தேறும்" என்றான். மரக்கதவு ஜன்னல் நாகரிகமில்லை என்று நான்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்தேன். கதவையும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடுமாம். ஆனால் இரவில் அந்தக் கதவை யார் திறந்து வைப்பது?

சுவரும் ஜன்னலுமாகச் சேர்ந்து உள்ளே விடும் உஷ்ணம் சதுர மீட்டருக்குச் சராசரி 15 வாட்டைத் தாண்டலாகாது. மேற்குப் பார்த்த கண்ணாடியே இதில் பெரிய குற்றவாளி. தெற்கு ஜன்னலுக்கு ஒரு சிறு ஸன்ஷேடு நிழல் தந்துவிடும். சாய்ந்து வரும் மாலை வெயிலோ ஸன்ஷேட்டுக்குக் கீழே புகுந்துவிடும். மாமல்லபுரம் சாலையில் கண்ணாடியால் போர்த்த மாளிகைகளைப் பார்க்கும்போதெல்லாம், வெயிலுக்கு ஏங்கும் குளிர் நாட்டார் சட்டையை இரவல் வாங்கி அணிந்த நம்மவர் நினைவுதான் எனக்கு வருகிறது.

கூரைக்கு விதி இன்னும் கடுமை. உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் கடத்தக் கூடாது. வெறுங் கான்கிரீட் ஏறத்தாழ மூன்று மடங்கு கடத்துகிறது.

"என் பாட்டனார் வீட்டில் பார்த்தாயா!" என்று நான் ஆரம்பித்தேன். மர உத்தரம், அதன்மேல் நெட்டுக்குத்தாக அடுக்கிய செங்கல், சுண்ணாம்பு சேர்த்து இடித்த ஜல்லி, மேலே தட்டோடு என்ற மதராஸ் மெத்தை அது. பையன் அதற்கும் கணக்குப் போட்டான். கான்கிரீட்டைவிட வெகு மேல். ஆனால் அதுவும் 1.2-க்குள் அடங்கவில்லை! பழம்பெருமை பேச வந்தவன் வாயை மூடிக்கொண்டேன். தெர்மாகோல் இனத்துக் கெட்டிப் பலகை இரண்டு அங்குலம் போட்டு, அதன்மேல் வெள்ளைத் தட்டோடு பதித்தால் அடங்குமாம்.

வேடிக்கை என்னவென்றால், என் வீட்டுக்கு இவ்விதிகள் எதுவும் பொருந்தா. 2018-ஆம் வருஷத்து விதிகள் 500 சதுர மீட்டரும் அதற்கு மேலுமான மனைகளுக்குத்தான். என்னுடையது ஒரு கிரவுண்டு. 223 சதுர மீட்டர். மாநிலங்கள் தத்தம் கட்டட விதிகளில் இவற்றைச் சேர்த்தாலொழிய அமுலும் இல்லை. வெயில் மனையின் அளவு பார்த்தா விழுகிறது? கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து, பகலில் தகரக் கூரையின்கீழ் தூங்கவேண்டிய தொழிலாளிக்கு அரைக் கிரவுண்டும் சொந்தமில்லை. வாடகைக்கு விடுகிறவனைக் கேட்க எந்த விதியும் இல்லை. சட்டம் முதலில் எட்டவேண்டிய கூரை அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆவணியில் பலகையும் தட்டோடும் பதித்தாயிற்று. கடன் சற்று நீண்டது. ஜன்னல்கள் இன்னும் பாக்கி. தாயார் மாடிக்குத் திரும்பிவிட்டார். பாயை மாத்திரம் இப்பொழுதும் கதவோரமாகத்தான் விரிக்கிறார்.